நான் நம்பாத வயிற்றுவலி

ஈச்சிலம்பற்றிலிருந்து அந்தப் பெண் வயிற்றுவலியோடு எங்கள் வார்ட்டுக்கு வந்தது அது நான்காவது தடவை. சோதனைகளில் எதுவும் பிடிபடவில்லை. ‘மனப்பிரச்சினை’ என்று எழுதிய டொக்டர் நான்தான். அதைக் கேட்டபின் அவள் கணவன் பார்க்க வருவதையே நிறுத்திவிட்டான்.

ஒருநாள் வார்ட்டைத் துப்புரவு செய்யும் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“டொக்டர், யன்னலடியில வச்ச இந்தப் பிள்ளையின்ர சலம் வெயில்பட்டுக் கறுத்துப்போச்சு, பாருங்கோ.”

சிறுநீர்ப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடும் வயிற்றுவலி தந்து, சிறுநீரை வெயிலில் கறுக்கவைக்கும் போர்பிரியா என்ற அபூர்வ நோய். புத்தகத்தில் மட்டுமே படித்திருந்தேன். கொழும்புக்கு அனுப்பிய சோதனையும் அதையே சொன்னது.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்கு வருத்தம் உண்மையெண்டு அவருக்கு எழுதித் தாங்கோ, டொக்டர்” என்றாள்.

நோய் உண்மைதான் என்று அவள் கணவனுக்கு எழுதிக் கொடுத்தேன். வலி தணிந்து வீடு திரும்பும் நாளிலும் யாரும் வரவில்லை. தனியாகத்தான் பஸ் ஏறினாள்.

காரணம் பிடிபடாத வலிக்கு இப்போது நான் ‘தெரியவில்லை’ என்றே எழுதுகிறேன்.