மேலாடையின் மூலையில் மஞ்சள்

புதுத்துணியின் மூலையில் மஞ்சள் வைக்காமல் உடுத்த எனக்கு மனசு ஒப்பாது. அந்தப் பழக்கம்தான் அன்று என் காலை வாரிவிட்டது.

மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரிப் பெண். என் வயதுதான். மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக இரண்டு வருடமாக ஒரு தோல் மேலாடை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னோர் நாய்த்தோலில் தைத்தார்களாம். இவளுக்குக் கிடைப்பது போஸம் என்ற காட்டுப் பிராணியின் மென்முடித் தோல். வாரமெல்லாம் எல்லர்ஸ்லி அலுவலகத்தில் கணினியை முறைத்துவிட்டு, சனிக்கிழமைகளில் நானும் அவளோடு உட்கார்ந்து தைப்பேன். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: சாப்பாட்டுச் சாமான் எதுவும் இதன் பக்கம் வரக் கூடாது, வந்தால் புனிதம் கெட்டுவிடும். காபி டம்ளரைக்கூட வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் நான் உள்ளே போவேன். அவ்வளவு ஒழுங்கு!

விழா திங்கட்கிழமை. சனிக்கிழமை காலை அவள் உறவினர்களை அழைத்துவர விமான நிலையம் போக வேண்டியிருந்தது. கடைசி ஓரத்தை மட்டும் மடித்துத் தைக்கச் சொல்லி மேலாடையை என்னிடம் கொடுத்தாள். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தைத்து முடித்தேன். அப்படி ஓர் அழகு. ஐயோ, இதைப் போட்டுக்கொள்ளப்போகும் பெண்ணுக்குக் கண்பட்டுவிடுமே என்று தோன்றியது. எழுந்து போய் மஞ்சளைக் குழைத்து வந்து, உள்பக்கத் தோலின் மூலையில் ஒரு பொட்டு வைத்தேன்.

கிண்ணத்தைக் கழுவப் போனபோதுதான் உறைத்தது. மஞ்சள் டப்பா அடுப்பு மேடையில் திறந்து கிடந்தது. காலையில் சாம்பாருக்குப் போட்ட அதே மஞ்சள்.

ஓடிப்போய் ஈரத்துணியால் துடைத்தேன். பொட்டு பரவி உள்ளங்கை அளவு கறையாகிவிட்டது.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்னடி பண்ணி வெச்சிருக்க?"

சொன்னேன்.

"உள்பக்கம்தானே? யாருக்குத் தெரியப்போவுது? பேசாம மடிச்சுக் குடுத்துடு."

பொய் சொல்வானேன், எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் இதைப் போட்டுக்கொண்டு போகிற பெண்ணுக்கு நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயம் என்னைப் பிடித்துத் தள்ளியது. அவள் கார் வந்து நின்றதுமே மேலாடையோடு போய் நின்றேன்.

மேலாடையை வாங்கி, கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"ஏன் வெச்ச?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எங்க பிள்ளைங்களுக்கு எந்தக் கெடுதலும் வரக் கூடாதுன்னு வைப்போம்" என்றேன்.

அவள் பின்னாலேயே வீட்டுக்குள் போனேன். கத்தரியை எடுத்து, அந்தத் தோலின் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்றே நினைத்தேன். பிறகு இன்னொரு தோலை எடுத்துப்போட்டு, "உட்காரு" என்றாள். பொழுது சாயும்வரை இருவரும் தைத்தோம். நான் தலை நிமிரவேயில்லை.

திங்கட்கிழமை காலை கூப்பிட்டனுப்பினாள். வீடு நிறைய உறவினர்கள். நடுவில் மகள் நின்றிருந்தாள். எல்லோர் முன்னாலும் அம்மாக்காரி மேலாடையை என் பக்கம் நீட்டி, "நீயே போட்டுவிடு" என்றாள்.

கையை நீட்டப் போனவள் நின்றுவிட்டேன். எத்தனை தேய்த்தும் போகாமல் என் நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"வேண்டாம், நீயே போட்டுவிடு" என்று சொல்லிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.