மௌனத்துக்கு உட்கார்ந்தவள்

கொலெட்டா ப்ரூஜ் நகரத்து லேஸ்காரி. மடியில் வைத்த சின்ன மெத்தையில் ஊசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னுகிற வேலை. கண் போனால் பிழைப்பும் போச்சு. அது தெரிந்தும் ஓவியர் ஒக்தாவ் தெ மூர் முன்னால் படத்துக்குப் போய் உட்கார்ந்தாளே, நினைத்தாலே வயிறு எரிகிறது.

முப்பத்தொரு வயசு வரை அவளை ஒருத்தரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அந்த மனுஷர் கால்வாய்ப் பாலத்தில் நிறுத்தி, "இந்த முகத்துக்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்" என்றார். மயங்காமல் என்ன செய்வாள்?

தெ மூருக்கு ஆப்பிளை ஆப்பிளாக வரைவது கேவலம். அசையாத தண்ணீர், வாடிய லில்லி, சிறகு முளைத்த பெண்கள், மூடிய உதடு, இவைதான் வேண்டும்.

"நான் உன்னை வரையல, கொலெட்டா. மௌனத்தை வரையறேன்."

"மௌனத்துக்கு முதுகு வலிக்காதுங்க ஐயா. எனக்கு உயிர் போகுது."

அவள் கண்தான் அவருக்குக் குறை. லேஸ்காரி கண் எதைப் பார்த்தாலும் முடிச்சை எண்ணும். அவருக்கோ எதையுமே பார்க்காத கண் வேண்டுமாம். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி வந்து அவள் கண்ணில் விட்டார். கண்மணி கிணறு மாதிரி விரிந்தது. "மூணு நாள்ல சரியாயிடும்" என்றார். சரியானது. அடுத்த வாரம் மறுபடியும் விட்டார். இப்படியே இரண்டு குளிர்காலம்.

அக்கா சிஸ்கா கத்தினாள்: "அடியே, அந்த ஆளு பொண்டாட்டி கண்ணுல விடச் சொல்லு பாப்போம்!"

"படம் முடியப்போகுது, அக்கா."

முதலில் லேஸில் பின்னுகிற பூவிதழில் நூல் தப்பியது. வியாபாரி லேஸைத் திருப்பி அனுப்பினார். பிறகு ஒரு நாள் காலையில் தலை வெடிக்கிற வலி. வலி ஓய்ந்தபோது ஊசி தெரியவில்லை. "மருந்துதான் கெடுத்திருக்கு. இனி திரும்பாது" என்றார் டாக்டர்.

கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால் கூட்டம். 'இந்தக் கண்கள் மறுவுலகத்தைப் பார்க்கின்றன' என்று உருகினார்கள். கொலெட்டாவுக்குத் தெரிந்தது சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல்.

"எப்படிக்கா இருக்கேன்?"

"ராணியாட்டம் இருக்கடி" என்று சிஸ்கா அழுதாள்.

தெ மூர் வந்தார். ஒரு வாரமாக மனசுக்குள் சேர்த்துவைத்த வசவையெல்லாம் கொலெட்டா கொட்ட வாயெடுத்தாள். "ஐயா, உங்களாலதான் என் கண்ணு..."

அவர் அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"ஆகா! இதைத்தானே தேடிக்கிட்டிருந்தேன். இனிமே மருந்தே வேண்டாம். திங்கக்கிழமை வந்துடு."

சிஸ்கா அவர் காலடியில் காறித் துப்பினாள்.

கொலெட்டா திங்கட்கிழமை போனாள். அவளுக்கு வேலை கொடுக்க ஊரில் வேறு யார் இருந்தார்கள்?