புள்ளி விடுபட்ட மத்திமம்

தவராசா இறந்த செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. பள்ளிக்கூடத்துக் காவலாளிக்குத் தெரிந்திருந்தது. கன்ரீன் நடத்தும் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. நான் ஆறாம் வகுப்புக்குச் சரளி வரிசை சொல்லிக்கொண்டிருந்தபோது அதிபர் வாசலில் வந்து நின்று, "தவம் சேர்ர விசயம் கேள்விப்பட்டிருப்பீங்கதானே, சேர்?" என்றார். நான் கேள்விப்படவில்லை. "ஓம்" என்றேன். அவனுக்கு மிக நெருக்கமானவன் நான் என்று எல்லோரும் நம்பியிருக்கும்போது வேறு என்ன சொல்வது?

அவன் படிப்பித்தது புவியியல், நான் படிப்பிப்பது சங்கீதம். இருவருக்கும் எழுவான்கரையில் வீடு, படுவான்கரையில் பள்ளிக்கூடம், நடுவில் வாவி. அதைக் கடக்க எங்களுக்குப் பாதைதான் உண்டு. மனிதரையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மெல்ல நகரும் இரும்பு மிதவைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அது அக்கரையில் நின்றால் நாங்கள் இக்கரையில் நிற்க வேண்டும். எனக்கு அந்த நேரமெல்லாம் எரிச்சல். தவம் அதற்குள் நாலு பேரைச் சிநேகிதம் பிடித்துவிடுவான். நான் பெயர் தெரியாமல் தலையாட்டிப் பழகிய மீன்காரருக்குத் தவத்தின் மகளின் சாதகக் குறிப்பு வரை தெரியும்.

லண்டனிலிருந்து வந்த அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒரு பழைய வீட்டுக் கணினியைக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடிய சாமான். ஒரு பயிற்சிக் கொப்பி அளவுதான் இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்த வேண்டும். எழுதியதைக் கசெட்டில் பதியாவிட்டால், மின்சாரம் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதற்குத் தெரிந்த சங்கீதம் 'பீப்' என்ற ஒரே கட்டளை. எவ்வளவு நேரம், எந்தச் சுரம் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் அந்த ஒற்றைச் சுரத்தை ஊதும்.

ஒரு சனிக்கிழமை என்னை வரச்சொன்னான்.

"சுரம் ஏழுதானே மச்சான்? ஒண்டில இருந்து ஏழு வரைக்கும் போட்டன். மூக்கால அழுகுது."

அந்தப் பெட்டி ஏழாக எண்ணுவதில்லை, பன்னிரண்டாக எண்ணுகிறது என்று விளக்கினேன். சட்சமம் பூச்சியம் என்றால் ரிசபம் இரண்டு, காந்தாரம் நாலு, மத்திமம் ஐந்து, பஞ்சமம் ஏழு. அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"அப்ப ஊருக்கு ஏழெண்டு சொல்லிப்போட்டு அஞ்ச ஒளிச்சு வெச்சிருக்கீங்க. கள்ளனுகள்."

அவன் நகைச்சுவையை எல்லோரும் புகழ்கிறார்கள். அதில் பாதி என் படிப்பை வைத்துச் செய்ததென்பது அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் நானே ஒரு மெட்டு அமைத்துக் கொண்டுபோனேன். சங்கராபரணத்தில் சின்னத் தாலாட்டு. நானே விசைகளைத் தட்டினேன். ஒவ்வொரு சுரமும் அரை நொடி, அதாவது புள்ளி ஐந்து. மத்திமம் வந்த இடத்தில் புள்ளி விழவில்லை. அரை நொடி ஒலிக்க வேண்டிய சுரம் ஐந்து நொடி நின்றது. ஊதி முடிக்கும் வரை அந்தப் பெட்டி வேறெந்த விசைக்கும் அசையாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடிந்ததும் திருத்தக் கையை நீட்டினேன். தவம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாத. ஒலுப்பம் பொறு. இன்னொருக்கா விடு."

"பிழை அது. புள்ளி விட்டுப்போச்சு."

"பாதை அங்கால நிக்கிற மாதிரிக் கிடக்கு மச்சான்."

அந்த மெட்டுக்குப் பாதை என்றே பெயர் வைத்தான். பரிசளிப்பு விழாவில் கணினியை மேடைக்கு ஏற்றினான். ஒலிவாங்கியைப் பிடித்து, "எல்லாரும் கண்ண மூடுங்க. பாதை அங்கால நிக்குது, நாம இஞ்சால நிக்கிறம்" என்றான். மத்திமம் ஒலித்தபோது மண்டபம் மூச்சுவிடவில்லை. அடுத்த சுரம் வந்ததும் பின்வரிசையில் ஒருவர், "அந்தா வெளிக்கிட்டுது" என்றார். சிரிப்பு, பிறகு நெடுநேரம் கைதட்டல். என் மாணவிகள் வருடம் முழுக்கப் பழகிப் பாடும் கீர்த்தனைக்கு அதே மனிதர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டு இருப்பார்கள்.

அவன் என் பெயரைச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பாதையில் வைத்துக் கேட்டேன்.

"மறக்கல்ல மச்சான். மறுகா சொல்லுவம்."

மறுகா என்றால் இந்த ஊரில் 'பிறகு' என்று அர்த்தம். அவன் வாயில் அதற்கு ஒரு நாளும் அர்த்தம் இருந்ததில்லை. அடுத்த வருட விழாவிலும் வாசித்தான். கல்யாண வீடுகளிலும் வாசித்தான். ஊர் அவனைக் கொம்பியூட்டர் சேர் என்றது. சரிகமவைச் சுருதியோடு சொல்லத் தெரியாத மனிதன். நான் மறுகாவுக்காகக் காத்திருந்தேன். அதற்குள் அவன் போய்விட்டான்.

எட்டாம் நாள் சடங்குக்குப் போனபோது அவன் மனைவி புஷ்பம் கணினியைத் தொலைக்காட்சியோடு பொருத்தி வைத்திருந்தார்.

"ஒருக்கா அதப் போட்டு விடுங்க அண்ண. கசெட் பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு. உங்களுக்குத்தான் தெரியும்."

நினைவிலிருந்து தட்டினேன். என் கை பழக்கப்படி எல்லாப் புள்ளிகளையும் வைத்தது. மெட்டு சுத்தமாக, நான் அமைத்தபடியே ஓடி முடிந்தது. வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. புஷ்பம் தேநீர்த் தட்டத்தோடு நின்று, "இது இல்லயே அண்ண. அது ஒரு இடத்தில காத்து நிக்குமே" என்றார்.

"அது நான் விட்ட பிழை" என்றேன். சபையில் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

"ஓம், தெரியும். அவர் வீட்டில அந்த இடம் வாற நேரமெல்லாம் சொல்லுவார்."

"என்ன சொல்லுவான்?"

"உங்களத்தான். அவன் வாழ்க்கையில விட்டது ஒரேயொரு பிழை, அதையும் திருத்தப் பாத்தான் எண்டு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். செத்தும் கைதட்டல் வாங்கினான். நான் மத்திமத்தைத் தேடிப்பிடித்து அதன் புள்ளியை அழித்தேன். என் பிழையை அவன் சொற்படி செய்ய வேண்டியிருந்தது. மத்திமம் எழுந்து நின்றது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். புஷ்பத்தின் கையில் தட்டம் அசையவில்லை. அந்த ஐந்து நொடியும் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. முதல் தடவையே அவனுக்கு அது கேட்டிருக்கிறது, பட்டம் பெற்ற எனக்குக் கேட்கவில்லை என்பதை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவன் நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மேடையில் அவன் என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அவனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒன்றுதான். போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை மத்திமத்தை அளவுக்கு மேல் நீட்டியது. தாளம் போட்ட கையால் மேசையைத் தட்டி நிறுத்துவதுதான் என் வழக்கம். கை உயர்ந்தது, பிறகு அங்கேயே நின்றது. பிள்ளை மூச்சு முடிந்து தானாக இறங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுகாதான் திருத்தினேன்.