அளவு சொல்லாத சேகரம் அண்ணை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து என்னை ரைபிள் கழகத்துக்கு ஏற்றிப்போவதாகச் சொன்ன சேகரம் அண்ணை எட்டரை ஆகியும் வரவில்லை. குட்மேய்ஸ் வீட்டு வாசலில் சப்பாத்தும் மாட்டி நின்றபடி அவரை வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அவருடைய மனைவி மங்கை அக்கா.

"பாலா, அவர் எழும்புறார் இல்லை."

"எழுப்பி விடுங்கோ அக்கா, சுணங்குது" என்றேன். "அவர் எழும்புறார் இல்லை பாலா" என்று அக்கா அதையே திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

முதல்நாள் மாலையே அண்ணைக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. டொக்டரைக் கூப்பிடுவோம் என்று அக்கா கேட்டிருக்கிறார். "சும்மா வாய்வு" என்று அண்ணை சொல்லி, இஞ்சித்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். எதையும் நம்பாத மனிதர், சுட்டு முடித்த ஒவ்வொரு தோட்டாக் கோதையும் கண்ணாடியை ஏற்றிவிட்டு உருட்டி உருட்டிப் பார்க்கும் மனிதர், தன் நெஞ்சு சொன்னதை மட்டும் வாய்வு என்று நம்பிவிட்டார். இதை எழுதும்போதும் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது. அவரை அறிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அறிந்தவர்களுக்கு இந்தக் கோபம் விளங்கும்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஞானசேகரம் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த வெள்ளைக்கார நாட்டுக்குப் படிக்க வந்து, வரைபடம் வரைபவராக வேலை எடுத்து, செவன் கிங்ஸில் வீடு வாங்கியவர். எண்பதுகளின் நடுவில் நான் அதே அலுவலகத்தில் சேர்ந்தபோது எனக்கு அடுத்த மேசை அவருடையது. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். இருந்தாலும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட வந்தது. அலுவலகத்துக்கு ஒரு ரைபிள் கழகம் இருந்தது. வெள்ளைக்காரர்கள் நடுவே ஒரே தமிழராகப் போய்வந்துகொண்டிருந்த அவரோடு நானும் சேர்ந்துகொண்டேன். உரிமம் கேட்டு எழுதியபோது பொலிஸ்காரர் வீடு தேடி வந்து, துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பேன் என்று சுவரைத் தட்டிப் பார்த்தார். அவர் போனதும் என் மனைவி வசந்தா, "துவக்குச் சத்தம் ஏலாதெண்டு இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீங்கள் அதை வீட்டுக்கை கொண்டுவந்து வைக்கப் போறியளோ?" என்று கேட்டாள்.

கழகத்தில் நன்றாகச் சுடுபவர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்புவார்கள். சுட்ட வெற்றுக் கோதைத் துடைத்து, அடியில் தீப்பொறி தரும் புதுப் பிரைமர் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்துவது. கைவேலை பெரிய காரியமில்லை. எவ்வளவு மருந்து என்பதுதான் காரியம். கூடிப்போனால் முகத்துக்கு முன்னால் ரைபிள் வெடிக்கலாம். கோடைகாலப் போட்டிக்குள் என் சொந்தத் தோட்டாவோடு அணியில் இடம்பிடிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. அதற்கு எங்கே தொடங்குவது என்று ஒருவர் சொன்னால் போதும்.

ஒருவரா சொன்னார்கள்? எல்லோரும் சொன்னார்கள், ஆளுக்கொரு அளவு. அமெரிக்கப் புத்தகம் ஒன்று வாங்கினேன். அதிலிருந்த மருந்துகளில் பாதி இங்கே கிடைக்காது. மருந்துக் கம்பனியின் கைநூலை எடுத்தால், புத்தகத்தில் தொடக்க அளவு என்று போட்டிருப்பது இதில் உச்ச அளவுக்குக் கிட்ட நிற்கிறது. தலை சுற்றியது. அலுவலகத்தில் அடுத்த மேசையில்தானே ஆள் இருக்கிறார் என்று அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, நீங்கள் எவ்வளவு போடுறியள்?"

"சொல்லமாட்டன்."

"ஏன்?"

"அது என்ட துவக்குக்கு, என்ட கோதுக்கு. உம்மட துவக்கு வேறை, ஐசே. அதே மருந்து, அதே குண்டு இருக்கிற பக்கத்தைப் பாரும். ரெண்டு இடத்திலை ரெண்டு அளவு கிடந்தால் குறைஞ்ச தொடக்கத்தை எடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் ஏறும். ஒவ்வொருக்காலும் கோதைப் பாரும். பிரைமர் சப்பையாய்க் கிடந்தால், துவக்கின்ட போல்ட் திறக்க இறுகினால், மருந்து கூடிப்போச்சு, அங்கையே நில்லும்."

"அப்ப பயமில்லாமல் பாதி மருந்து போடுறன்" என்றேன் எரிச்சலோடு.

"விசரோ உமக்கு? அதுவும் ஏலாது! தொடக்கத்துக்குக் கீழையும் போகப்படாது. அதிலையும் ஆபத்திருக்கு."

கூட்டவும் விடமாட்டார், குறைக்கவும் விடமாட்டார், தன் அளவையும் சொல்லமாட்டார். போட்டியில் நான் முந்திவிடுவேன் என்று பொத்தி வைக்கிறார் என்றே அன்று நினைத்தேன். வீட்டில் வசந்தாவிடம் அப்படியே சொல்லியும் திட்டினேன்.

சாப்பாட்டிலும் அவர் இதே ஆள்தான். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், "கொஞ்சமாய்ப் போடுங்கோ, காணாட்டில் கேக்கிறன்" என்பார். எங்கள் சனத்துக்கு இதைவிட அவமானம் உண்டா? மனோர் பார்க்கில் ஒரு கலியாண வீட்டில் பரிமாறிய பெண்மணி, சோற்றில் என்ன குறை என்று கேட்டே விட்டார். அண்ணை ஒரு கரண்டி உண்டு, பொறுத்துப் பார்த்து, அடுத்ததைக் கேட்டார். பந்தியே அவருக்காகக் காத்திருந்தது.

அந்த வசந்தத்தில் கழகத்திலிருந்து விலகிய ஒருவர், தன்னிடம் மிஞ்சிய மருந்துத் தகரத்தை எனக்குத் தந்தார். முக்கால்வாசி இருந்தது. லேபிளிலும் நான் தேடித் திரிந்த மருந்தின் பெயர்தான். கைநூலில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பெருமையோடு அண்ணையை வீட்டுக்குக் கூப்பிட்டேன். தகரத்தைப் பார்த்தவர் நேரே குசினிக்குப் போனார். குளிர்பெட்டியைத் திறந்து ஓர் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"சொல்லும் ஐசே, இதுக்கை என்ன கிடக்கு?"

"ஐஸ்கிரீம் எண்டு எழுதியிருக்குத்தானே."

மூடியைத் திறந்தார். நேற்றைய நண்டுக்கறி. ஹோர்லிக்ஸ் போத்தலைக் காட்டினார். மிளகாய்த்தூள். பிஸ்கட் தகரத்தைக் காட்டுமுன் வசந்தா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள், "அது தையல் சாமான் அண்ணை."

"உம்மட வீட்டு லேபிளையே நம்பேலாது. ஆரோ ஒருத்தரின்ட தகரத்தை நம்பி முகத்தைக் குடுக்கப் போறீரோ? பிறத்தியார் திறந்த தகரம் மருந்தில்லை."

"அவையள் எங்களைப் போலை டப்பாவிலை கறி வைக்கிற சனமோ?" என்று கத்தினேன்.

அவர் தகரத்தோடு பின்வளவுக்குப் போய், என் ரோஜாப் பாத்தியில் மருந்து முழுவதையும் பரவலாகத் தூவி, மண்ணைக் கிளறிவிட்டு வந்தார். செடிக்கு உரம் என்று ஆறுதல் வேறு. கடையில் அந்த மருந்து மறுபடி வருவதற்குள் போட்டி முடிந்துவிட்டது. அந்தக் கோடை முழுக்க அடுத்த மேசைக்காரரோடு நான் பேசவில்லை. காலையில் என் மேசையில் தேநீர் மட்டும் இருக்கும். நான் ஆறவிட்டுக் கொட்டுவேன். அவர் மறுநாளும் வைப்பார்.

அந்தத் தகரத்தில் இருந்தது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெயர் போட்டிருந்த நல்ல மருந்தாகவே இருந்திருக்கலாம். அவர் சொன்னது சரி என்று காட்ட ஒரு விபத்தும் நடக்கவில்லை. நான் சொன்னது சரி என்று காட்டவும் வழியில்லை. அவரோடு பழகுவதில் இருந்த தொல்லை இதுதான். மறு வருடம் புதுத் தகரம் வாங்கி, குறைந்த தொடக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, என் துப்பாக்கிக்குரிய அளவை நானே கண்டேன். அணியிலும் இடம் கிடைத்தது. "நீங்கள் எவ்வளவு?" என்று அண்ணையிடம் அன்றும் கேட்டேன். அன்றும் சொல்லவில்லை.

கடந்த வாரம் மங்கை அக்கா கூப்பிட்டு அனுப்பினார். உரிமக்காரர் இல்லையென்பதால் ரைபிளையும் நிரப்பிய தோட்டாக்களையும் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. பின்வளவுக் கொட்டிலில் தராசும் ஒரு மருந்துத் தகரமும் மிஞ்சியிருந்தன. தகரம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. என்றைக்குத் திறந்தது என்று அழகான, சரியாத கையெழுத்தில் அண்ணை எழுதி ஒட்டியிருந்தார்.

"நீங்கள் கொண்டு போங்கோ பாலா" என்றார் அக்கா. "வேறை ஆருக்கும் குடுக்க அவருக்கு மனம் வராது."

உலகத்தில் அந்தக் கையைவிட நான் நம்பிய கை இல்லை. அந்தத் தகரத்தில் மிளகாய்த்தூள் இருக்காது, நண்டுக்கறி இருக்காது. அதில் எழுதியிருப்பதுதான் அதில் இருக்கும். ஆனாலும் தகரத்தோடு வெளியே வந்து, அவருடைய ரோஜாப் பாத்தியில் தூவத் தொடங்கினேன்.

"ஐயோ, என்ன செய்யிறியள்?" என்று அக்கா பதறினார்.

"அண்ணை சொன்னதைத்தான் செய்யிறன் அக்கா. பிறத்தியார் திறந்த தகரம் மருந்தில்லை" என்றேன். கடைசிப் பிடியைத் தூவி, மண்ணைக் கிளறி விட்டேன்.

போய் வாருங்கள் அண்ணை. உங்கள் அளவை நான் இனி யாரிடமும் கேட்கமாட்டேன்.