தூக்குவாளிப் பரீட்சை

ஒன்பது வயதிலேயே உயர்தரப் பௌதிகவியலில் தேறியவள் நான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலும் அப்போது யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன், அதுவும் பல வருடங்களுக்கு.

அக்கா அந்த வருடம் பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சை எழுத இருந்தாள். பொகவந்தலாவைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து விஞ்ஞானப் பிரிவுக்குப் போன முதல் பெண்பிள்ளை அவள்தான். பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டார். அதன்பிறகு அவர் உட்கார்ந்த கதிரை மட்டும் இருந்தது. கதிரையிடம் எவ்வளவுதான் படிப்பது? அக்காவும் அவளோடு படித்த மூன்று பேரும் தாங்களே சேர்ந்து படிப்பது என்று முடிவு செய்தார்கள். ஒருத்தி பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். எனக்கு அவள் கடை அக்கா. மற்ற இருவர் தோட்டத்தின் மேல்பிரிவைச் சேர்ந்த அண்ணன்மார்.

படிக்கக் கிடைத்த இடம் பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. நாலரை மணிக்குக் கடைசிக் குழந்தையும் வீட்டுக்குப் போய்விடும். தொட்டில்களைச் சுருட்டி ஓரமாகக் கட்டிவிட்டு, வாத்துப் படம் ஒட்டிய சுவருக்குக் கீழே இருந்த கரும்பலகையை இவர்கள் பிடித்துக்கொள்வார்கள். கைபேசிக்கு அங்கே ஒரு ஜன்னலோரத்தில் மட்டும்தான் சிக்னல். எங்கெங்கோ இருந்து வட்ஸ்அப்பில் வரும் மாதிரி வினாத்தாள்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஒருவர் வாசிக்க, மூவர் எழுதுவார்கள். ஒரு பாட அலகு யாருக்கு முதலில் விளங்குகிறதோ அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடைசியாக எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் அவர்கள் வைத்திருந்த சட்டம். "இவளுக்கு வெளங்கினாத்தான் நமக்கு வெளங்கின மாதிரி" என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் "வெளங்கிருச்சு" என்று சொல்லும்வரை கரும்பலகையை அழிக்கக்கூடாது. இப்படி ஒரு பதவி கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா நிற்பதுபோலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். வேண்டுமென்றே இரண்டு தரம் "வெளங்கல" என்பேன். அக்கா சேர்ந்து படிக்க அனுமதி கேட்ட அன்று அப்பா, "தங்கச்சியயும் கூட்டிக்கிட்டுப் போறதுன்னா போ" என்று சொல்லியிருந்தார். என் மூளையின் அருமை அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்து மணி பஸ்ஸில் கடை அக்கா போய்விடுவாள். மற்றவர்கள் ஆறு மணிவரை இருப்பார்கள். வினை வந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அன்று வட்ட இயக்கம். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் இருந்தது. கீழே ரோட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பனிஸும் விற்கும் ஓட்டோ வரும் சத்தம் கேட்டது. "வெளங்கிருச்சு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஓட்டமெடுத்தேன். கையில் ஐந்து சதம் கிடையாது. ஆனாலும் அந்த ஓட்டோவின் பின்னால் ஓடுவதே ஒரு சுகம். கீழ்ப்பக்கத்துப் பணிய லயம்வரை ஓடிப்போய் நின்றேன். அங்கே பெரியம்மா பாண் வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏய், அக்கா எங்க?"

"பிள்ளைக்காம்பராவுல படிக்கிறாங்க."

"யாரு கூட?"

"ரெண்டு அண்ணன்மாரும் இருக்காங்க" என்றேன் பெருமையாக.

பெரியம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, ஒருநாளும் இல்லாத திருநாளாக, எனக்கு ஒரு கிம்புலா பனிஸ் வாங்கித் தந்தார். முதலைபோல் நீளமாக, மேலே சீனி தூவி இருக்குமே, அந்தப் பனிஸ். வாலில் தொடங்கி ரசித்துத் தின்றேன்.

பனிஸ் செரிக்கும் முன்பே செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. "நாளையிலருந்து வீட்டுல இருந்தே படி" என்று அப்பா அக்காவிடம் சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை. அப்பா சத்தம் போட்டால் அம்மா எதிர்த்துப் பேசுவார். அப்பா மெதுவாகச் சொன்னால் அம்மாவும் வாய் திறக்கமாட்டார். பரீட்சைக்கு இன்னும் இரண்டே மாதம் இருந்தது. தனியே உட்கார்ந்து பௌதிகவியலில் கரையேற முடியாது என்று அக்காவுக்குத் தெரியும். தேறாவிட்டால் சித்தப்பா மகளைப்போல் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போகவேண்டும் என்பது எனக்கே தெரியும். அக்கா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். நானும் தூங்கவில்லை. ஏனென்றால் குற்றவாளி யாரென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

விளங்காத அலகை விளங்கியது என்று சொல்லிவிட்டேன். அது எப்படியோ அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பரீட்சகரே பொய் சொன்னால் படிப்பு எப்படி உருப்படும் என்றுதான் அப்பா நிறுத்திவிட்டார். இரவெல்லாம் யோசித்து நான் கண்டுபிடித்தது இதுதான்.

அடுத்தநாள் பாடசாலை விட்டதும் தனியாகப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். மூன்று பேர் முகமும் தொங்கிப்போயிருந்தது. "நேத்து நான் பொய் சொல்லிட்டேன். வட்ட இயக்கம் எனக்கு வெளங்கல. திருப்பிச் சொல்லித் தாங்க" என்றேன். கடை அக்கா ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு எனக்காக நின்றாள். குழந்தைகளுக்குப் பால் கரைக்கும் வாளியில் தண்ணீர் நிரப்பி முற்றத்தில் சுழற்றிக் காட்டினார்கள். பிறகு என் கையில் தந்தார்கள். இரண்டு தரம் தலைமுதல் கால்வரை நனைந்தேன். மூன்றாம் தரம் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அந்த மலைக்குளிரில் பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஆறரைக்கு வருவார். வந்ததும் அம்மா தூக்குவாளியில் தேத்தண்ணி வைப்பார். அன்று அதை நான் கைப்பற்றினேன். "அப்பா, பாருங்க!" என்று வாசலில் நின்று தலைக்குமேலே ஒரு சுற்று சுற்றினேன். அம்மா "அய்யோ பாவி!" என்று உள்ளேயிருந்து ஓடிவந்தார். நான் நிறுத்தவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. மெதுவாக இறக்கி அப்பாவிடம் நீட்டினேன்.

"ஒரு சொட்டு கொறையல, குடிச்சுப் பாருங்க. மேல போகயில தேத்தண்ணி விழத்தான் பாக்குது அப்பா. அது விழுறதுக்குள்ள வாளி வளைஞ்சு வந்து அத புடிச்சிருது."

அப்பா தேத்தண்ணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வேற என்னா தெரியும்?" என்றார்.

கேட்டதுதான் தாமதம், மடை திறந்துவிட்டது. ஹட்டன் ரயில் வரும்போது ஒரு சத்தமும் போகும்போது ஒரு சத்தமும் ஏன் என்று சொன்னேன். வெறுங்காலுக்குச் சிமெந்துத் தரை பலகையைவிட ஏன் குளிர்கிறது என்று சொன்னேன். மேலேயிருந்து போட்டால் பெரிய கல்லும் சின்னக் கல்லும் ஏன் ஒன்றாக விழும் என்று முற்றத்துக் கல்லை எடுத்துப் போட்டுக் காட்டினேன். அரைமணி நேரம். அக்கா போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இம்புட்டும் அங்கதான் படிச்சியா?" என்றார் அப்பா.

"எல்லாம் அங்கதான்."

"தெனமும் இதேதானா? வேற பேச்சு ஒண்ணும் பேசமாட்டாங்களா?"

எனக்குப் பொறுக்க முடியாத குறை ஒன்று இருந்தது. அதைக் கொட்டிவிட்டேன். "எங்கப்பா பேசுறாங்க! பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கிட்டு வந்தாக்கூட ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க. அதான் நான் மட்டும் ஓடினேன்."

அப்பா தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். தூக்குவாளியை வைத்துவிட்டு அக்காவிடம், "நாளைக்குப் போ" என்றார். என் பக்கம் திரும்பி, "நீயும் போ. இனி ஓட்டோ பின்னால ஓடின, கால ஒடிச்சிருவேன்" என்றார். அக்கா பாய்ந்துவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் தேறிவிட்டேன்!

அக்காவும் தேறினாள். நால்வருமே தேறினார்கள். அக்காவுக்குப் பௌதிகவியலில் ஏ. பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. முடிவு வந்த அன்று அப்பா பாண் ஓட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தி, கண்ணாடிப் பெட்டியில் இருந்த கிம்புலா பனிஸ் முழுவதையும் வாங்கி லயம் லயமாகக் கொடுத்தார். முதல் பனிஸைப் பெரியம்மாவின் கையில் வைத்து, "புள்ள பாஸ் பண்ணிருச்சு மதினி, சாப்பிடுங்க" என்றார். பெரியம்மா தலை நிமிராமல் சாப்பிட்டார். இனிப்பு அவருக்குப் பிடிக்கவில்லைபோலும் என்று நினைத்துக்கொண்டேன். நானோ அன்று கண்ட கண்ட ஆளிடமெல்லாம் சொன்னேன்: "அக்காவுக்கு முந்தியே நான் பாஸ்."

இந்த வருடம் உயர்தரம் எழுதியவள் நான். நானும் சேர்ந்துதான் படித்தேன். பையன்களும் இருந்தார்கள், துணைக்கு யாரையும் கூட்டிப்போகச் சொல்லி அப்பா கேட்கவில்லை. அதைக் கவனித்த பிறகுதான் எனக்குப் பழையது உறைத்தது. அப்பா அன்று வாசலில் நின்று கேட்ட கேள்விகளில் பௌதிகவியல் ஒன்றுகூட இல்லை. அது அம்மாவுக்கும் தெரிந்திருந்தது, போர்வைக்குள் இருந்த அக்காவுக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பரீட்சையில் தேறிய எனக்கு மட்டும் தெரியவில்லை.