முதலையின் சொந்தக்காரர்

எங்கள் கம்பெனி குடும்ப விழாவில் ஒரு வழக்கம் உண்டு. வினாடி வினாவில் தோற்கிற செக்‌ஷன் எல்லோருக்கும் சிக்கன் பிரியாணி பரிமாற வேண்டும். ஜெயித்தவர்களுக்கு முதல் பந்தி. நாங்கள் பிரஸ் ஷாப், மெஷினில் தகட்டை அழுத்தி வளைக்கிற செக்‌ஷன். வருஷா வருஷம் வாளி தூக்கியே தோள் இறங்கிப்போனவர்கள். எங்கள் முறை வரும்போது அண்டாவில் பட்டையும் கிராம்பும்தான் மிஞ்சியிருக்கும்.

"இந்த வருஷம் லெக் பீஸ், இல்லாட்டி ராஜினாமா," என்று என் டீமில் இருந்த சிதம்பரத்துக்காரர் அறிவித்துவிட்டார்.

அப்போது செக்‌ஷனில் என் மரியாதையும் சரியில்லை. சில மாதங்களுக்கு முன்னால் நாட்றாம்பாளையம் தாண்டி காவிரிக்கு டூர் போயிருந்தோம். எதிர்ப்பாறையில் கிடந்த கட்டை ஒன்று வாயைத் திறந்தது. ஆபத்து என்றால் பிரஸ் ஆபரேட்டரின் கை தானாக சிவப்பு எமர்ஜென்சி பட்டனைத் தேடும். அடித்தால் மெஷின் நிற்கும். ஆற்றங்கரையில் ஏது பட்டன்? பக்கத்தில் நின்ற சிதம்பரத்துக்காரரின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டு, "லைனை நிறுத்துங்கடா!" என்று கத்தினேன். அடுத்து எனக்கு நினைவு திரும்பியபோது நான் வேன் கூரைமேல் இருந்தேன். என் லுங்கி கீழே இருந்தது. முதலை இருந்த இடத்திலேயே இருந்தது.

"எங்க ஊர் கொள்ளிடத்துலயும் இதுதாண்ணே கெடக்கும்," என்றார் அவர், முதுகைத் தடவிக்கொண்டே. "வெயில் காயுது. நீங்க எறங்கி மொதல்ல லுங்கியக் கட்டுங்க."

அன்றிலிருந்து எங்கள் எதிர் டீமான டூல் ரூம் செக்‌ஷனின் கேப்டன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "குரு, மொசளே பந்து!" என்பார். நண்பா, முதலை வந்துவிட்டது என்று அர்த்தம். கன்னடத்தில் சொன்னாலும் எனக்கு உதறும்.

முதலை இல்லாத ஊர் எது என்று கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தேன். எங்கே ஓடினாலும் ஒன்று காத்திருந்தது. நம் ஆறு ஏரிகளில் அகல மூக்குச் சதுப்பு முதலை. ஒடிசா கழிமுகத்தில் கடலிலேயே நீந்திப் போகிற உவர்நீர் முதலை. கங்கைப் பக்கம் போனால் கரியால். ஊசி மூக்கு, மீன்தான் சாப்பாடு, ஆணுக்கு மூக்கு நுனியில் கவிழ்த்த சொம்பு மாதிரி ஒரு புடைப்பு. அமெரிக்காவுக்கு ஓடலாமென்றால் அலிகேட்டர். அதற்கு வாய் மூடினால் கீழ்ப்பல் வெளியே தெரியாதாம். நான் எங்கே நின்று பல்லைப் பார்க்கப் போகிறேன்! ஆதிகாலத்தில் தரையில் ஓடிய முதலை, தழை தின்ற முதலைகூட இருந்திருக்கிறது. தழைக்காரர் போய்விட்டார், கடிக்கிறவர் மிஞ்சிவிட்டார். என் ராசி.

விழா வினாடி வினாவில் எங்களுக்கும் டூல் ரூமுக்கும் புள்ளிகள் சமம். ஒரே கேள்வி பாக்கி. யார் முதலில் அடிக்கிறார்களோ அவர்கள் சொல்ல வேண்டும், தப்பென்றால் தோல்வி. அடிப்பதற்கு மெயின்டனன்ஸ்காரர்கள் மாட்டியிருந்தது பழைய பிரஸ்ஸின் எமர்ஜென்சி பட்டன்கள்.

எச்.ஆர். மேடம் அட்டையை எடுத்தார். "முதலைக்கு..."

என் கை அடித்துவிட்டது. ஹூட்டர் அலறியது.

"அண்ணே, கேள்வியே வரலை!" சிதம்பரத்துக்காரர் தலையில் கை வைத்தார்.

மேடம் சிரித்துக்கொண்டே முழுசாகப் படித்தார். "முதலைக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் எது? ஓணான், பாம்பு, ஆமை, கோழி."

"கோழி."

மொத்தப் பந்தலும் சிரித்தது. "ஓணான் குரு! முதுகைப் பாரு, வாலைப் பாரு!" என்று துள்ளினார் கேப்டன்.

"காரணம் சொல்லுங்க," என்றார் மேடம்.

"ரெண்டுக்கும் பாட்டன் ஒருத்தன் மேடம். ஓணான் அதுக்கு முன்னாடியே பாகம் பிரிஞ்சு போயிருச்சு. முதலைக்கும் கோழிக்கும் இதயத்துல நாலு அறை. ரெண்டும் முட்டைக்குக் காவல் காக்கும். தோலைப் பார்த்து சொந்தம் முடிவு பண்ணக் கூடாது."

மேடம் அட்டையைத் திருப்பிக் காட்டினார். கோழி. அதற்கப்புறம் என்னைத் தோளில் தூக்கினார்கள். இந்த முறை உயரத்துக்குப் போனபோது லுங்கிக்குப் பதில் பேன்ட், அதுவும் பத்திரமாக இருந்தது.

முதல் பந்தி. வாளியோடு எதிரே டூல் ரூம் கேப்டன்.

"குரு, மொசளே பந்து!" என்று வரவேற்றேன். "அவரோட சொந்தக்காரர்ல நல்ல லெக் பீஸா பார்த்துப் போடுங்க."

முறைத்துக்கொண்டே ஒன்று போட்டார். "இன்னொண்ணு," என்றார் பக்கத்து இலைக்காரர். "அறை வாங்கினது என் முதுகு."