வீட்டுக்கு அனுப்பிட்டாங்க

கன்னியப்பன் விவரம் தெரிந்த நாளிலிருந்து மீனைப் பிடித்த ஆள். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுவதற்கு ஒரு வேலை இருக்கிறது, அதற்குச் சம்பளமும் உண்டு என்று ஒருத்தர் வந்து சொன்னபோது அவர் நம்பவில்லை. அவர் மனைவி அமிர்தவல்லி சுத்தமாக நம்பவில்லை.

வேலை கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். நோணாங்குப்பத்தில் கன்னியப்பன் அப்போது இன்னொருத்தருடைய படகை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்த வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு சவாரி போகும்போது, ஆறு கடலில் சேருகிற இடத்தில் தண்ணீர் வற்றி மணல் மேடு தட்டிக் கிடந்தது. என்ஜினை நிறுத்திவிட்டு மூங்கில் கழியை ஊன்றி ஊன்றி, சத்தமே இல்லாமல் படகைத் தள்ளிக்கொண்டு போனார். வெள்ளைக்காரர் கடலைப் பார்க்கவில்லை, கழியையே பார்த்துக்கொண்டு வந்தார். கரையில் இறங்கினதும் பேச்சை ஆரம்பித்தார். சேஷல்ஸ் நாட்டில் ஒரு கடைக்கோடித் தீவில் தனக்கு ஒரு விடுதி இருக்கிறது, மீன் மிரளாமல் இப்படிக் கழி போடுகிற ஆள்தான் அங்கே கிடைப்பதில்லை என்றார். கன்னியப்பனுக்குத் தெரிந்த பிரெஞ்சு, சவாரிக்கு வருகிறவர்களிடம் பொறுக்கின நாலு வார்த்தை. அது போதும் என்றுவிட்டார் வெள்ளைக்காரர்.

விஷயத்தை வீட்டில் சொன்னபோது அமிர்தவல்லி மீன்தான் கழுவிக்கொண்டிருந்தாள். முள்ளில் இறகையும் நூலையும் கட்டி ஈ மாதிரி செய்து, அதை நீளக் கயிற்றில் வீசி வீசி மீனை ஏமாற்றிப் பிடிப்பார்களாம். பிடித்ததும் ஒரு போட்டோ. அப்புறம் மீனைக் கடலிலேயே விட்டுவிடுவார்களாம். இதற்காக ஏரோப்பிளேன் ஏறி வருகிறார்களாம்.

"அப்போ ஈ ஓட்டறதுக்கா அவ்ளோ தூரம் போற?" என்றாள் அவள்.

அதோடு விடவில்லை. ஊருக்குப் பக்கத்து மேட்டுப்பாளையத்தில் அவள் வேலை பார்த்த சோப்புக் கம்பெனி முழுக்க இந்தக் கதை போய்ச் சேர்ந்தது. எங்க வீட்டுக்காரு வெளிநாட்டுல ஈ ஓட்டறாரு என்று அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. இரண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ணித்தான் பொழுது போனது. அவர் தீபாவளி முடிந்து கிளம்புவார், சித்திரையில் திரும்பி வருவார். நடுவில் அவளுக்குத் துணை, முத்தியால்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிற அவள் தம்பி இராமதாஸ்.

தீவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கம் துப்பினால் மறுபக்கம் விழும் என்பார் கன்னியப்பன். தென்னை மரங்கள், ஓலை வேய்ந்த ஏழெட்டுக் குடில்கள், ஒரு சமையல்கட்டு, எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கிற ஜெனரேட்டர். கடை கிடையாது, தெரு கிடையாது, வைத்தியர் கிடையாது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு குட்டி விமானம் வரும். புது விருந்தாளிகளை இறக்கிவிட்டு, பழைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அதை விட்டால் அடுத்த சனிக்கிழமைதான். நடுவில் வேறு வழியே இல்லை.

விடுதியை நடத்தினது அந்தப் பிரெஞ்சுக்காரரின் மனைவி. எல்லாருக்கும் அவர் மதாம். கண்டிப்பான பொம்பளை, ஆனால் மனசு உள்ளவர். முதல் நாளே கன்னியப்பனை முட்டித் தண்ணீரில் நிற்கவைத்து ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தார். போராடி ஓய்ந்துபோன மீனை அப்படியே விட்டால் அது மல்லாந்துவிடும். வாலை ஒரு கையால் பிடிக்க வேண்டும், வயிற்றுக்கு அடியில் மறு கையைக் கொடுக்க வேண்டும், தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். செவுள் திறந்து மூடும். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு முறுக்கேறும். அதுவே கையை உதறிக்கொண்டு போக வேண்டும். நாமாக விடக் கூடாது.

கன்னியப்பனுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. நம்மூரில் துண்டு போட்டு விற்கிற பாறை மீன், அங்கே ஆள் பாதி உயரத்துக்குக் கிடைக்கும். அதைத் தூண்டிலில் இழுக்கிறவன் எவனோ ஒரு பணக்காரன். ஆனால் கடைசியில் அது உயிரோடு நழுவிப் போவது கன்னியப்பன் கையிலிருந்துதான். மீன் போனதும் விருந்தாளிகள் கை தட்டுவார்கள். விட்டாச்சா, விட்டாச்சு என்று தமிழில் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கேட்டுக் கேட்டு மதாம்கூட அந்த வார்த்தையைப் பழகிக்கொண்டார். அந்தத் தீவில் ஒன்றை விட்டாச்சு என்றால் அது பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது வருஷம், பொங்கல் கழிந்து, இராமதாஸ் போன் பண்ணினான். அக்காவுக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது, வயிறு உப்பிக்கொண்டே போகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன் என்றான். முதலில் காமாலை என்றார்கள். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஈரல் என்றார்கள். ஒவ்வொரு போனிலும் அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

கன்னியப்பன் மதாமிடம் போய் நின்றார். பெண்டாட்டிக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, நான் ஊருக்குப் போக வேண்டும் என்று கையையும் காலையும் ஆட்டிப் புரியவைத்தார். மதாம் மறுபேச்சுப் பேசவில்லை. வருகிற சனிக்கிழமை விமானத்தில் இடமில்லைதான். ஒரு விருந்தாளியிடம் பேசி அவரை ஒரு வாரம் தள்ளிப் போகச் சொல்லி, அந்த இடத்தைக் கன்னியப்பனுக்கு வாங்கிக் கொடுத்தார். அவர் பையைக் கட்டிவைத்துவிட்டுச் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தார். சோறு இறங்கவில்லை. கையில் பிடித்த மீன்கூட அவருக்கு முன்னால் தெம்பாகிவிடும் போல இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி போன் வந்தது. ஆபீசுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி பக்கம்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று பேசினார்.

"மாமா, அக்காவ வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றான் இராமதாஸ்.

 கன்னியப்பன் அப்படியே தொட்டியில் சாய்ந்துகொண்டார். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி ஓடினது மாதிரி இருந்தது.

"நல்லதாப் போச்சுடா" என்றார்.

 இராமதாஸ், ஆமா மாமா, எதுவா இருந்தாலும் நம்ம வீட்டுல இருக்கட்டும் என்று மட்டும் சொன்னான். அதைக்கூட அவர் சரியாகக் காதில் வாங்கவில்லை. போனை அவகிட்ட குடுடா என்றார்.

அமிர்தவல்லியின் குரல் அடங்கித்தான் வந்தது. உடம்பு தேறுகிறவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். என்ன சாப்பிட்டாய் என்று அவள்தான் முதலில் கேட்டாள். ஈ எல்லாம் ஒழுங்காக ஓடுதா என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னிக்கு வர?" என்றாள்.

"அதான் வீட்டுக்கு வந்துட்டியே. இனிமே என்னா அவசரம்? சீசன முடிச்சிக்கினு ஒரேடியா வந்துடறேன்."

 அவள் போனை மறு காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"சரி, அப்புடியே செய்" என்றாள். "தண்ணியில பாத்து நில்லு."

அவர் நேராக மதாமிடம் போனார். வைஃப், மேஸோன், மேஸோன் என்றார். அது பிரெஞ்சில் வீடு. வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று புரிந்துகொண்ட மதாம் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். நீ போக வேண்டாமா, நிச்சயமாகத்தான் சொல்கிறாயா என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்று கன்னியப்பன் தலையை ஆட்டினார். விட்டுக்கொடுத்த விருந்தாளிக்கே அந்த இடம் திரும்பிப் போனது. சனிக்கிழமை அந்தக் குட்டி விமானம் மணலைக் கிளப்பிக்கொண்டு ஏறினபோது, கன்னியப்பன் கீழே நின்று கையை ஆட்டி வழியனுப்பினார்.

அந்த வாரம் அவரைப் போல ஒரு சந்தோஷமான ஆள் தீவில் கிடையாது. பாட்டுப் பாடிக்கொண்டு கழி போட்டார். புதிதாக வந்த ஒருத்தருக்குப் பெரிய பாறை ஒன்று மாட்டியது. கை ஓயப் போராடி இழுத்தார்கள். போட்டோவுக்குக் கன்னியப்பன்தான் அதைத் தூக்கிப் பிடித்தார், வாயெல்லாம் பல். பிறகு தண்ணீரில் தாங்கிக்கொண்டு நின்றார். அது உதறிக்கொண்டு போனதும் விட்டாச்சு என்று கத்தினார். அந்தப் போட்டோவை அமிர்தவல்லிக்கு அனுப்பினார். அவள் பார்த்துவிட்டாள் என்று போனில் நீலமாகக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. தூங்குகிறாள் போல என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள் காலையில் இராமதாஸ் கூப்பிட்டான். "அக்கா போயிடுச்சு மாமா" என்றான்.

விமானத்துக்கு நாள் இருந்தது. அதில் ஏறினாலும் பெரிய தீவு, அங்கிருந்து வேறு விமானம், பிறகு சென்னை, பிறகு பஸ். வைத்திருக்கட்டுமா மாமா என்று இராமதாஸ் கேட்டான். ஐஸ் பெட்டியில் எத்தனை நாள்தான் வைப்பார்கள். எடுத்துடுங்க என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்தார். மதாம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மேஸோன் என்றாயே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கன்னியப்பனுக்கும்தான் புரியவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது பால் தெளித்து முடிந்திருந்தது. இராமதாஸ் எல்லாவற்றையும் முறையாகச் செய்திருந்தான். ஆனால் மாமன் முகத்தைப் பார்த்து அவன் பேசவில்லை. டீ வாங்கி வந்து கொடுப்பான், சோறு போட்டு வைப்பான், கேட்டால் பதில் சொல்வான், கண்ணை மட்டும் வேறு எங்கேயோ வைத்திருப்பான். கன்னியப்பனுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் கோபம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பின பிறகு அவனைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாயி வீட்டுக்கு வந்தவதானடா? அப்பறம் எப்புடிடா இப்புடி ஆவும்? யாரு என்னா மருந்த மாத்திக் குடுத்தாங்க?"

இராமதாஸ் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தான்.

"என்னா மாமா சொல்ற?"

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு நீதானடா சொன்ன."

"கைய விரிச்சிட்டாங்க மாமா. இனிமே இங்க வச்சிப் பிரயோஜனமில்ல, வீட்டுக்குக் கூட்டிக்கினு போங்கன்னு அனுப்பிட்டாங்க. அதத்தான சொன்னேன்."

கன்னியப்பன் வாயைத் திறந்து மூடினார். அவருக்குத் தெரியாத பேச்சா அது. இந்தப் பக்கத்தில் யார் வீட்டில் கேட்டாலும் சொல்வார்களே. டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க என்றால் ஒன்று. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க என்று இழுத்துச் சொன்னால் வேறு ஒன்று. அவருடைய அப்பாவை அப்படி அனுப்பினபோது, உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு இதே வார்த்தையைச் சொன்னது அவர்தான். அன்றைக்கு ஒருத்தர்கூட விளக்கம் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மூன்று வருஷம் விட்டாச்சு விட்டாச்சு என்று சொல்லிக்கொண்டு அந்தக் கடலில் நின்றதில், அவர் காது வேறு ஊர்க் காதாகிப் போயிருந்தது.

"நான் நல்லதாப் போச்சுன்னு சொன்னனேடா."

"ஆஸ்பத்திரியில கெடந்து சீரழியாம வீட்டுலயே கண்ண மூடட்டும்னு சொல்றேன்னு நெனச்சேன் மாமா."



"அவளுக்குத் தெரியுமா?"

"டாக்டர் சொல்லும்போது அக்கா பெட்லதான இருந்துச்சு. எல்லாம் தெரியும்."

"எனக்குத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியுமா?"

 இராமதாஸ் ஈரத் துண்டைக் கொடியில் போட்டான், மறுபடி எடுத்தான்.

"நீ போட்டோ அனுப்பனியே மாமா. நான்தான் போனத் தொறந்து அக்காவுக்குக் காட்டுனேன்."

"என்னாடா சொன்னா?"

"நல்லா சிரிச்சிக்கினு நிக்கிறாரு இல்லன்னுச்சு. அப்பறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. வேற ஒண்ணும் சொல்லல."

அவன் எழுந்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அழுவதற்குத்தான் போனான் என்று கன்னியப்பனுக்குத் தெரியும். அவருக்கு அழுகை வரவில்லை. அவள் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அந்தப் போட்டோவைப் பெரிது பண்ணிப் பெரிது பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் அதில் பாதிதான் தெரிந்தது. பல் முழுக்கத் தெரிந்தது.

அடுத்த தீபாவளிக்கு மதாம் கூப்பிட்டார். வருகிறாயா என்றார். மேஸோன் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கன்னியப்பன் போனை வைத்தார். இப்போது பழையபடி நோணாங்குப்பத்தில்தான் படகு ஓட்டுகிறார். சவாரியில் யாருடனும் பேசுவது கிடையாது.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் வந்திருக்கிறது. படகுத்துறையில் யாராவது, அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க என்று சொன்னால், எங்கே இருந்தாலும் வந்து நிற்பார். குணமாயி அனுப்பினாங்களா, முடியாதுன்னு அனுப்பினாங்களா என்று கேட்பார். நாலு பேர் நடுவில், மூஞ்சிக்கு நேராக. கேட்கிற கேள்வியா இது என்று திட்டுவார்கள். நிலவன் என்கிற படகுக்காரன் ஒருநாள் சட்டையைப் பிடிக்கவே வந்துவிட்டான். அவன் அப்பாவுக்குக் கால் உடைந்து கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார்கள், அவ்வளவுதான். கன்னியப்பன் அசையவில்லை. டாக்டர் அவர் வாயால் சொன்னாரா, நீயே நினைத்துக்கொண்டாயா என்று திரும்பவும் கேட்டார். நிலவன் பல்லைக் கடித்துக்கொண்டு, டாக்டரே சொன்னாரு என்றான்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கன்னியப்பன் தன் படகில் போய் ஏறினார்.

அவருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று துறையில் பேசிக்கொள்கிறார்கள். அவர் காதிலும் விழுகிறது. ஏன் கேட்கிறேன் என்று இவர்களிடம் விளக்கிச் சொல்லலாம்தான். சொல்ல வேண்டியவளிடம் சொல்ல முடியாததை இவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும் அவர் கழியை எடுத்துச் சேற்றில் ஊன்றுகிறார். படகு சத்தமில்லாமல் நகர்கிறது.